காதில் பஞ்சில்லாமல் போன நடை

நடை என்பது நம்முடைய சொந்தச் சொத்து, யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது என்று இருபத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பிள்ளையைப் பெற்றேன்.

கல்யாணமான புதிதில் நான் நடந்தால் புழுதி கிளம்பும். புகுந்த வீடு தென்னேரியில். சாயங்காலமானால் நானும் அவரும் ஏரிக்கரையில் நடக்கப் போவோம். (சேர்ந்து போவோம் என்று சொல்ல முடியாது. நான் போவேன், அவர் பின்னால் வருவார்.) "கொஞ்சம் நில்லு, பஸ்ஸு புடிக்கவா போற?" என்பார் மூச்சு வாங்கிக்கொண்டு. நான் நின்றதே இல்லை. எவ்வளவு திமிர் பாருங்கள்.

ஏழாம் மாதத்தில் அந்தத் திமிர் அடங்கியது. வயிறு முன்னால் போக, நான் முதுகைச் சாய்த்து, காலை அகட்டி, வாத்து மாதிரி அசைந்து அசைந்து வந்தேன். என் பாதங்களைப் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. செருப்பை அவர்தான் குனிந்து மாட்டிவிடுவார். மாட்டிவிட்டு, தன் நடையை என் நடைக்குக் குறைத்துக்கொள்வார். நாங்கள் முதன்முதலாக நிஜமாகவே பக்கத்தில் பக்கத்தில் நடந்தது அந்த இரண்டு மாதம்தான்.

பிரசவத்துக்கு உத்திரமேரூரில் அம்மா வீடு. பெண் பிறந்தாள். கூடவே அம்மாவின் சட்டதிட்டங்களும் பிறந்தன. மூன்று மாதம் வாசற்படி தாண்டக் கூடாது. குளிர் ஏறாமல் காதில் பஞ்சு. வயிறு உள்ளே போக, பழைய நூல் புடவையை மடித்து இறுக்கக் கட்ட வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்க, "சாப்டியா?", "சாப்ட்டேன்" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். அவர் கிளம்பிப் போகும்போது முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் பத்து நிமிஷம் அவரோடு நடந்தால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இருபத்தைந்தாம் நாள் ஒரு ஞாயிறு. அவர் கிளம்பிவிட்டார். பிள்ளை பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது, அம்மா அதன் பக்கத்தில். "பின்னால போய்ட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக் கதவு வழியாக நழுவினேன். பஞ்சோடு போனால், பிள்ளை பெற்றவள் தெருவில் திரிகிறாள் என்று யாராவது அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிடுவார்கள். அதைப் பிடுங்கி வேலியோரம் எறிந்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அவரை எட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தது பழைய காலை நம்பி. வயிற்றில் பிள்ளை இல்லை, ஆனால் நடை மட்டும் பிள்ளைத்தாய்ச்சி நடை. அதே சாய்வு, அதே அகட்டல். பாதம் பெருத்து, குதிகால் செருப்புக்கு வெளியே நின்றது. தையல் போட்ட இடம் சுருக் சுருக்கென்றது. தெருக்கோடியில் அவருடைய நீலச் சட்டை சின்னதாகிக்கொண்டே போயிற்று. கத்திக் கூப்பிட்டால் அம்மாவுக்குக் கேட்டுவிடும். முதல்முறையாக அவர் முன்னால், நான் பின்னால். அழுகை வந்துவிட்டது. கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, வாயால் மூச்சு விட்டேன்.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது, உள்ளே நாலைந்து பெண்கள்.

"இன்னாம்மா, வலி வந்துட்ச்சா?" என்றாள் மடியில் கீரைக்கூடையோடு இருந்த அம்மாள்.

"இல்லக்கா. பெத்தாச்சு. பொண்ணு."

"பாவம், வலியில ஒளறிக்கினு கீது. காதுல பஞ்சக் காணோம், பெத்துட்ச்சாம். கையப் புடிங்கடி, ஏத்தலாம்."

(நைட்டிக்குள் சுற்றியிருந்த புடவை சுத்தமாக ஒன்பது மாதம் காட்டியது.)

ஆட்டோ பறந்தது. "பெத்தாச்சுக்கா" என்று நான் கெஞ்ச, "மொதப் பிரசவம்னா பயமாத்தான் இருக்கும். மூச்ச இழுத்து வுடு" என்றாள். நானும் இழுத்து விட்டேன். ஆட்டோ அவரைத் தாண்டும்போது தலையை நீட்டி, "ஏங்க" என்று கத்தினேன். அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரசவம் பார்த்த நர்சம்மாவே நின்றிருந்தார். "நீயா? போன மாசந்தான பெத்துக்கினு போன? இன்னொண்ணு பாக்கி கீதா?"

கீரை அம்மாள் என்னை முறைத்தாள். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

அவர் ஓடி வந்து சேர்ந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"உங்ககூட பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கலாம்னு வந்தேன்" என்றேன்.

அவர் கழன்று கிடந்த செருப்பைக் குனிந்து மாட்டிவிட்டார். "ஆட்டோ புடிக்கட்டா?"

"கொஞ்ச தூரம் நடந்துட்டு."

தெருமுனை வரை நடந்தோம், பத்தடிக்கு ஒருதரம் நின்று நின்று. அவருடைய பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஆட்டோவில் வீடு போய் இறங்கினால், அழுகிற பிள்ளை ஒரு கையிலும் பஞ்சு இன்னொரு கையிலுமாக அம்மா வாசலில் நின்றாள்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. என் பழைய நடை திரும்பவில்லை. செருப்பும் ஒரு சைஸ் கூடிவிட்டது. இன்றைக்கும் நான் வெளியே கிளம்பினால் வீட்டில் யாராவது பஞ்சை எடுத்து நீட்டுகிறார்கள். ஏரிக்கரையில் அவர் என் பக்கத்திலேயே வருகிறார். மகள்தான் முன்னால் போகிறாள், புழுதி கிளம்ப. "கொஞ்சம் நில்லுடி" என்கிறேன், மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் நின்றதே இல்லை. அந்த நடையை நான் கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு வருகிறேன்.