பீங்கான்கத்தி அண்ணாச்சி கண்டுபிடித்த ஈயம்

கடலில் இருக்கிற மீன்களுக்கெல்லாம் ஓட்டுரிமை கொடுத்துப் பாருங்கள். எங்கள் தென்காசி லேபில் வேலை பார்த்த பீங்கான்கத்தி அண்ணாச்சி, எதிர்த்து நின்ற அத்தனை பேரின் டெபாசிட்டையும் காலி செய்து எம்.எல்.ஏ. ஆகிவிடுவார். சாளை முதல் சுறா வரை கட்சி பேதமில்லாமல் அவருக்கே குத்தும். மீன்களுக்காக அத்தனை கவலைப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தென்காசியில் கடலே கிடையாது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாடியில் இரண்டு அறை. போர் தண்ணீர் குடிக்க லாயக்கா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் தனியார் பரிசோதனைக் கூடம். ரிப்போர்ட் டைப் அடிப்பது, போன் எடுப்பது, கரண்ட் போனால் முதலாளியிடம் திட்டு வாங்குவது எல்லாம் நான். எங்கள் முதலாளி எங்கோ ஏலத்தில் உலோகம் அளக்கும் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமே? ஆராய்ச்சிக் கப்பலில் வருஷக் கணக்காகக் கடல் சேற்றையும் மீன் குடலையும் அலசிவிட்டு ஓய்வு பெற்று, சுரண்டையில் மாமனார் வீட்டுப் பக்கம் குடிவந்திருந்த இவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

வந்த முதல் நாளே என் வாட்சைக் கழற்றச் சொன்னார். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். நெற்றியைப் பார்த்தார்.

"விபூதிய அழியும் வே."

"சாமி கும்பிட்டுட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி!"

"சாமிக்கு ஒண்ணும் ஆகாது. நான் சோதிக்க வச்சிருக்க மீன் துண்டுக்குத்தான் ஆகும். ஒரு தூசி விழுந்தாலும் மெஷின் உம்ம நெத்தியில உள்ளதயும் சேத்து மீன் கணக்குல எழுதிரும்."

பவுடர் போடக் கூடாது. உள்ளறையில் ஃபேன் போடக் கூடாது, தூசி பறக்குமாம். எவர்சில்வர் டம்ளர் வாசல்படி தாண்டக் கூடாது. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கப் போனேன். மனுஷர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டார். கடைசியில் பூஜையை மாடிப்படியில் நடத்தினோம். மெஷினுக்குப் பதிலாக மெஷின் வந்த அட்டைப்பெட்டிக்குப் பொட்டு வைத்தேன். எந்த ஊரில் நடக்கும் இந்த அநியாயம்?

பட்டப்பெயர் வந்தது மீன்கடையில். இரும்புக் கத்தியால் மீனை வெட்டினால் கத்தியின் உலோகம் மீனில் ஒட்டிவிடும் என்று அவர் கையோடு ஒரு வெள்ளைப் பீங்கான் கத்தி வைத்திருப்பார். தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வரவழைத்து விற்கும் எஸ்தர் அக்கா கடைக்குப் போய், அக்கா அரிவாள்மணையைத் தூக்கியதும், "நிறுத்து! தொடாத!" என்று ஒரு சத்தம் போட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் சட்டைப்பையிலிருந்து அந்தப் பொம்மைக் கத்தியை எடுத்து, ஒரு துண்டு அறுத்து, பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்.

"என்ன அண்ணாச்சி பண்ணுதிய? செப்புச் சாமான் வச்சு வெளாடுதியளா?" என்றார் எஸ்தர் அக்கா.

"ஈயம் பாக்கப் போறேன்."

"ஈயமா? பித்தளைப் பாத்திரத்துக்குல்லா பூசுவாவ? மீனுக்கு எதுக்கு?"

பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம்; இவர் தேடியது பேட்டரியிலும் பெயிண்டிலும் இருக்கிற விஷ ஈயம். அன்றிலிருந்து தென்காசிக்கே அவர் பீங்கான்கத்தி. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

சீசனில் அவரோடு குற்றாலம் போகிறவன் முட்டாள். நான் மூன்று தடவை போனேன். ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கும். இவர் கீழே பாறை இடுக்கில் குனிந்து, யாரோ தூக்கிப் போட்ட டார்ச் பேட்டரிகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு மதுரைக்காரர் எங்கள் கண் முன்னாலேயே ஒரு பேட்டரியைத் தண்ணீரில் வீசினார். தொலைந்தது கதை.

"இது எங்க போவும் தெரியுமா? சிற்றாத்துல போவும். சிற்றாறு தாமிரபரணியில சேரும். தாமிரபரணி புன்னக்காயல்ல கடல்ல விழும். இதுல உள்ள விசம் சேத்துல ஒட்டும், சேத்தப் புழு திங்கும், புழுவ நண்டு திங்கும், நண்ட மீனு திங்கும், மீன நீரு திம்பீரு. உம்ம பேட்டரி உம்ம வீட்டுக்கே வந்து சேரும் வே!"

அந்த ஆள் தலையில் எண்ணெய் வழிய, "அட்ரஸ் எப்படிங்க தெரியும் அதுக்கு?" என்று கேட்டார். நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், மேலகரம் தாண்டும்போது சொன்னார்:

"கப்பல்ல போயிருக்கும்போது ஆழ்கடல்லேருந்து சேறு எடுப்போம். அங்கன வெளிச்சமே கிடையாது. சூரியன்னா என்னன்னே தெரியாத சீவனெல்லாம் அதுல கிடக்கும். அதுக வயித்துலயும் நாம கொட்டுன ஈயம் இருக்கும் வே. அதுகளுக்கு நம்மளத் தெரியவே தெரியாது. என்ன பாவம் பண்ணுச்சு?"

சாரல் அடித்தது. ஜன்னலை மூடினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்ற சீசன் தொடங்கும் நேரம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ், சாப்பாட்டுக்கூடத்துக்கு சீசன் முழுக்க எஸ்தர் அக்காவிடம் மீன் எடுப்பதாகச் சொல்லியிருந்தது. சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பார்களே, அந்தச் சீலா மீன். அந்த ஒரு ஆர்டரில்தான் அவருக்கு வருஷமே ஓடும். ஆனால் லாட்ஜ் மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார்: மீனில் கேடு இல்லை என்று லேப் சர்ட்டிபிகேட் வேண்டும். அக்கா சிரித்த முகத்தோடு மீனைக் கொண்டுவந்து அண்ணாச்சியிடம் கொடுத்தார்.

மறுநாள் மெஷின் சொன்னது: ஈயம். கொஞ்ச நஞ்சமில்லை, தாறுமாறாக.

ரிப்போர்ட்டை நான்தான் டைப் அடித்தேன். ஒரு நகல் லாட்ஜுக்குப் போனது. ஆர்டர் அன்று மதியமே ரத்து. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி. மறுநாள் எஸ்தர் அக்கா கடையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, வாங்க ஆளில்லை.

அக்கா லேப் வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, எம் பிள்ளைகளுக்கு இந்த மீனத்தான் ஆக்கிப் போடுதேன். நெசமாவே விசமா?" என்று மட்டும் கேட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தக் கேள்விதான் மனுஷரைப் போட்டு உலுக்கிவிட்டது.

அண்ணாச்சி திரும்பச் சோதித்தார். ஈயம். வேறு கடை மீன். ஈயம். வெண்டைக்காய். ஈயம்! "தூத்துக்குடியே போச்சு வே" என்று தலையில் கை வைத்தார். "வெண்டைக்கா எப்ப அண்ணாச்சி கடலுக்குப் போச்சு?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

எந்தச் சோதனையிலும் மீனே போடாமல் வெறும் சுத்தத் தண்ணீரை அதே மாதிரி மெஷினில் விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். அதில் ஒன்றும் வரக் கூடாது. அன்றைக்கு அக்கா அவசரப்படுத்துகிறாரே என்று அதை விட்டுவிட்டிருந்தார். இப்போது செய்தார். மீனே இல்லாத தண்ணீரில் மீனைவிட அதிக ஈயம்.

ஆக, ஈயம் எங்கள் அறைக்குள்தான் இருந்தது. அடேயப்பா, அதற்கப்புறம் நடந்த கூத்து! இன்வெர்ட்டர் பேட்டரியை மாடிப்படிக்குத் தள்ளினோம். ஜன்னல் பெயிண்டைச் சுரண்டினார். காலண்டரைக் கழற்றினார். என் பனியனை மோந்து பார்த்தார். ஈயம் போகவில்லை. ஃபேன் இல்லாத அறையில் இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. அண்ணாச்சி கையுறையோடு மீசையை முறுக்கியபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

கையுறையைப் பார்த்தேன். வெள்ளைக் கையுறையின் இரண்டு விரல் நுனி மட்டும் கருப்பு.

"அண்ணாச்சி, மீசையில என்ன?"

நான் இதுவரை எந்த மனிதனின் முகமும் அவ்வளவு வேகமாகச் சுருங்கிப் பார்த்ததில்லை. பிறகு மிக மெதுவாகச் சொன்னார், "மூலிகை எண்ணெய் வே."

குற்றாலத்தில் சீசன் கடை போட்டிருந்த ஒருவன், நரை கருக்கும் என்று லேபிளே இல்லாத ஒரு பாட்டிலைக் கொடுத்திருக்கிறான். சத்தியமாக மூலிகை என்றானாம். என் விபூதியை நம்பாதவர், எஸ்தர் அக்காவின் அரிவாள்மணையை நம்பாதவர், அந்தப் பாட்டிலை நம்பியிருக்கிறார்! பத்து நாளாக மீசைக்குத் தடவி, யோசிக்கும்போதெல்லாம் அதை முறுக்கி, அதே கையால் மாதிரியைத் தொட்டிருக்கிறார். பாட்டிலில் ஒரு சொட்டு எடுத்து மெஷினுக்குக் கொடுத்தோம். பெயிண்ட் டப்பாவே தோற்றுப்போகும் அளவுக்கு ஈயம்.

முதலாளி போனில் சொன்னார்: "சத்தம் காட்டாம வேற ரிப்போர்ட் போட்டுருங்க. மீசை கீசைன்னு வெளிய சொன்னா லேப மூட வேண்டியதுதான்."

அண்ணாச்சி போனை வைத்தார். மீசையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார், பாதிதான் போயிற்று. புதுக் கையுறை மாட்டி, எஸ்தர் அக்காவின் மீனை முதலிலிருந்து சோதித்தார், வெறும் தண்ணீர் உட்பட. மீன் சுத்தம். அந்த முடிவைக் கையாலேயே எழுதி எடுத்துக்கொண்டு, என்னையும் எஸ்தர் அக்காவையும் இழுத்துக்கொண்டு, குற்றாலம் பஸ் ஏறினார்.

லாட்ஜ் மேனேஜர் லேசான ஆள் இல்லை. "முந்தாநேத்து இருக்குங்கீரு, இன்னைக்கு இல்லங்கீரு. அக்கா மீன்கொழம்பு ஊத்துச்சோ?" என்றார். சாப்பாட்டுக்கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எஸ்தர் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணாச்சி கவுண்டரில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தார். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து எண்ணெயை அதில் கொட்டினார். கருப்பாகப் பரவியது. அடுத்த முனையை ஈரமாக்கி, அத்தனை பேர் பார்க்கத் தன் மீசையை அழுத்தித் துடைத்தார். அதுவும் கருப்பு. மீசை ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சாம்பல்.

"ஈயம் இதுல இருந்துது. என் கையில இருந்துது. அவ மீனுல இல்ல. தப்பு என்னுது. நல்லாப் பாத்துக்கிடுங்க எல்லாரும்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. மேனேஜர் துண்டையும் பார்த்தார், மீசையையும் பார்த்தார். "நாளைக்குக் காலையிலேருந்து மீன் அனுப்பும்மா" என்றார்.

வெளியே வந்ததும் எஸ்தர் அக்கா பிடித்துக்கொண்டார். "மீசைக்கு மை பூசப் போயி எம் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தியளே அண்ணாச்சி! நல்லா இருப்பியளா நீங்க?" என்று திட்டிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் திருத்த ரிப்போர்ட்டை முறைப்படி டைப் அடிக்கச் சொன்னார். முதலாளி கத்தியது கத்தியபடி இருக்க, வரிவரியாகச் சொன்னார், நான் அடித்தேன்: 'முந்தைய முடிவு தவறு. மாசு மீனிலிருந்து வந்ததல்ல. மாசு வந்த இடம்: பரிசோதகரின் மீசை.' கீழே முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டார்.

இருபது வருஷமாக ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன். அவர் வேலையை விட்டுச் சுரண்டையில் ஓய்வாக இருக்கிறார். எனக்கும் நிம்மதி, வாட்ச் கட்டிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு ரிப்போர்ட்டின் நகலை மட்டும், என் கல்யாணப் பத்திரிகை இருக்கிற உறையிலேயே, பத்திரமாக வைத்திருக்கிறேன்.