வெட்டாத ஒல்லாந்து அருவாமணை

செங்கல்வராயனுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. மூன்று நாளாக ஓர் இரும்பைக் கருங்கல்லில் தேய்த்துக்கொண்டிருக்கிறான். கல்தான் தேய்ந்தது.

“இன்னா, ஆச்சா?” என்றாள் அவன் பெண்டாட்டி குப்பம்மாள்.

“ஆவும்.”

“நேத்தும் இதைத்தான் சொன்ன.”

பழவேற்காட்டுக் கோட்டையில் யான் என்றொரு ஒல்லாந்துச் சிப்பாய், மீசைகூட ஒழுங்காக முளைக்காத பையன், காய்ச்சலில் செத்துப்போனான். குழி தோண்டியது செங்கல்வராயன். கூலிக்குப் பதிலாகப் பையனின் பெட்டியிலிருந்து இரண்டு அருவாமணைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டை, அதன்மேல் நீட்டு இரும்பு, முன்னால் வளைந்த மூக்கு. வேறென்னவாக இருக்க முடியும்? இரண்டு படி அரிசி கேட்டிருக்கலாம் என்று அவன் பிறகு பல நாள் நினைத்தான்.

குப்பம்மாளுக்கோ அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டைச் சமையலுக்கு மீன் அரிந்து கொடுத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. பழைய அருவாமணையை உடனே நாத்தனார் கோவிந்தம்மாவுக்குத் தானம் செய்துவிட்டாள்.

புதியது ஓர் இறாலைக்கூட வெட்டவில்லை. அதன் வாய் விரல் கனத்துக்கு மழுங்கலாக இருந்தது.

நாலாம் நாள் ஒருவழியாக ஒன்றுக்குக் கூர் வந்தது. குப்பம்மாள் கோட்டைக்குக் கொண்டுபோய், கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, பெரிய கொடுவா ஒன்றை வைத்து அழுத்தினாள். கட்டை குடை சாய்ந்தது. மீன் எகிறிப்போய் ஒல்லாந்துச் சமையல்காரன் மடியில் விழுந்தது.

அவன் மீனைச் சட்டை செய்யவில்லை. அருவாமணையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இது செருப்பு,” என்றான் அரைகுறைத் தமிழில். “எங்க ஊர்ல குளிரு வந்தா தண்ணி கல்லாப் பூடும். இத்தக் கால்ல கட்டிக்கினு அதும்மேல ஓடுவோம்.”

“காலையிலயே ஊத்திக்கினான்,” என்று வீட்டில் வந்து சொன்னாள் குப்பம்மாள்.

செங்கல்வராயனுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டையும் காலில் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினான். முழங்கால்வரை சேறு விழுங்கியது. கையால் நண்டு பிடித்துக்கொண்டிருந்த நாலு பேர் அவனை இழுத்தெடுத்தார்கள்.

கட்டை சாயாமலிருக்க அடியில் பலகை வைத்து ஆணி அடித்தான். கட்டை இரண்டாகப் பிளந்தது. இரும்பை மட்டும் கொல்லன் நாகப்பனிடம் கொண்டுபோனான். நாகப்பன் உலையில் போட்டு அடித்த அடியில் அது பாம்பாக நெளிந்துவிட்டது.

“எம்மேல தப்பு இல்லண்ணே. இரும்பு சரியில்ல. செஞ்சவனப் போய்க் கேளு.”

“அவன் எங்க கீறானோ.”

“இன்னொண்ணுத்துல எழுத்து வெட்டிக்கீது பாரு. பேரா இருக்கும்.”

இதற்குள், கொடுத்ததைத் திருப்பித் தர முடியாது என்று கோவிந்தம்மா சொல்லிவிட்டாள். மீன் அரிய வேறு ஆள் பார்ப்பதாகக் கோட்டையிலிருந்தும் சேதி வந்தது. குப்பம்மாள் நெளிந்ததையும் நெளியாததையும் மூட்டை கட்டி, புருஷனை முன்னால் தள்ளிக்கொண்டு துபாஷி பெருமாளிடம் போனாள். ஒல்லாந்து எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் அவர்தான்.

பெருமாள் இரும்பைத் திருப்பிப் பார்த்தார். “செஞ்சவன் முத்திரை கீது, ஊர் பேரும் கீது. ஆனா கப்பல்ல போயி பதில் வர ரெண்டு வருஷம் ஆவும்மா.”

“ஆவட்டும். அதுவரிக்கும் இரவல் வாங்கி அரியறேன். எழுதுங்கய்யா. ‘உன் இரும்பு வெட்டல. கட்டை குடை சாயுது. காசு வாங்கிக்கினு இப்டியா செய்வ? வேற செஞ்சு அனுப்பு.’”

“காசு நீயா குடுத்த?”

“அவனுக்கு இன்னா தெரியும்.”

“யாரு எழுதறதுன்னு போட?”

செங்கல்வராயன் அப்போதுதான் வாயைத் திறந்தான். “எம்பேரு வேணாங்கய்யா. கோட்டையில வம்பாப் பூடும். பழவேற்காட்லேர்ந்துன்னு மட்டும் போடுங்க. பதிலு உங்க கைக்கே வரட்டும்.”

ஒரு கூடை நண்டுக்குப் பெருமாள் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மழைக்காலம் போனது. குப்பம்மாள் இரவல் அருவாமணையில் அரிந்து அரிந்து, ஊரில் பாதி வீட்டுக்காரிகளோடு மனஸ்தாபம் தேடிக்கொண்டாள். ஒருநாள் பெருமாள் கூப்பிட்டனுப்பினார். ஒரு கட்டு வந்திருந்தது. உள்ளே கம்பளியில் சுற்றி, எண்ணெய் தடவிய புத்தம்புது ஜோடி. கூடவே ஒரு கடுதாசி.

“பாத்தியா,” என்றாள் குப்பம்மாள் புருஷனிடம். “கேக்கற மாதிரி கேட்டா குடுப்பானுங்க.”

தன் மீன்கூடையிலிருந்து ஒரு மடவையை எடுத்து அங்கேயே வைத்து அழுத்தினாள். வெட்டவில்லை. இரும்பின் வாய் அதே விரல் கனம். கட்டை மட்டும் முன்னதைவிட ஒரு விரற்கடை நீளம்.

“மறுபடியும் அதே திருட்டு வேலை. எழுதுங்கய்யா. ‘உனக்குக் கண்ணா அவிஞ்சு பூடுச்சு? ஏழை வயித்துல அடிக்கிறியே, உனக்குப் புள்ளகுட்டி இல்லியா?’”

பெருமாள் எழுதவில்லை. கடுதாசியை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தார்.

“அப்டி இன்னாய்யா எழுதிக்கீறான்?” என்றான் செங்கல்வராயன்.

“‘என் மகன் யானுக்கு, நாலு வருஷமா உன் சேதியே இல்ல, எழுதத் தெரியாத புள்ள ஆள் வச்சாவது என் இரும்பைத் திட்டி அனுப்பினியே, எனக்கு அது போதும், காலு வளந்திருக்கும்னு நீளம் வச்சு என் கையால செஞ்சிக்கீறேன், சரியா இருக்குதான்னு எழுது’ன்னு கேட்டுக்கீறாரு,” என்றார் பெருமாள். “திட்டு வேணாம் குப்பம்மா, அந்த மனுசனுக்கு ஒரு சாவுச் சேதி நாம கடன்பட்டுக்கீறோம்.”