மேட்டில் காணாமல் போன சக்தி

"பால் சட்டியில என்னங்க மிதக்குது?"

பிரமிளாவின் குரல் வந்த வேகத்திலேயே விஷயம் கைமீறிவிட்டது என்று குணாளனுக்குப் புரிந்தது.

"மிதக்கலம்மா, மூழ்கியிருக்கு. சைக்கிள் செயின். மெழுகுல ஊறுது."

"கோப்பிக்குப் பால் காய்ச்சுற சட்டிங்க அது!"

"பெரிய சட்டிய எடுத்தா நீ திட்டுவேன்னுதான் சின்னதா எடுத்தேன்."

இப்படிச் சமாதானம் சொல்லித் தப்பித்த கணவர் இதுவரை யாரும் இல்லை. பிரமிளா அடுப்பை அணைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். குணாளனுக்கு வயது ஐம்பத்தொன்று. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை. அங்கே எந்தப் பொருள் கெட்டாலும் ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அப்பேர்ப்பட்டவர் செயினைச் சமைக்கிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

காரணம், வாழைப்பழம்.

தொழிற்சாலையின் சைக்கிள் குழுவில் நான்கு வருடமாக அவர் வேலை, எல்லாருக்கும் பின்னால் வேன் ஓட்டிக்கொண்டு வருவது. மற்றவர்கள் மேடு ஏறி வியர்த்து நிற்கும்போது இவர் தண்ணீரும் வாழைப்பழமும் எடுத்துக் கொடுப்பார். 'வாழைப்பழ அண்ணே' என்று பேரே நிலைத்துவிட்டது. பேர் வைத்தவன் பிரமிளாவின் தம்பி லோகேஸ்வரன். மச்சினனாகிவிட்டதால் சிரித்து வைக்க வேண்டிய கட்டாயம் வேறு.

இரண்டு வாரத்துக்கு முன்னால் செபராங் ஜெயாவில் நவமணி என்ற அம்மாளிடம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார். அந்த அம்மாளின் கணவர் ஓட்டியதாம். தூக்கிப் பார்த்தார், நல்ல கனம். "கனமா இருந்தா உறுதின்னு அர்த்தம்கா" என்று விற்கிறவருக்கே விளக்கம் சொன்னார். பிறகு பல்சக்கரங்களைப் பற்றி அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசிவிட்டு, சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு கடல்பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ஜம்புல் மேட்டில் நடந்ததைக் குழுவில் இன்றும் பேசுகிறார்கள். குணாளன் ஏறி முடிக்க நான்கே நிமிடம். இரண்டாவதாக வந்த லோகேஸ்வரனுக்கு ஐந்தரை. குழுவின் கேப்டன் ஹஸ்ருல் அங்கேயே பதவியைத் தூக்கி இவரிடம் கொடுத்துவிட்டான். குணாளனுக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்த போட்டியில கடைசியா வர்றவங்க ஒரு வருஷத்துக்கு வேன் ஓட்டணும்" என்று புதுச் சட்டம் போட்டார்.

புதன்கிழமை காலையில் அதே மேடு, அதே மனிதர். ஆறு நிமிடம் ஆனது. வெள்ளிக்கிழமை எட்டு.

வேறு யாராவதாக இருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டிருப்பார்கள். குணாளன் பழுது தேடியே தலை நரைத்தவர். கால் கொடுக்கிற சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை, நடுவில் யாரோ தின்றுவிடுகிறார்கள். யார் அது? பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது, அந்தத் திருடனைப் பார்க்க.

முதல் சந்தேகம், அழுக்கு. பிரமிளாவின் பல் துலக்கும் பிரஷை எடுத்துச் செயினைத் தேய் தேய் என்று தேய்த்தார். அழுக்கோடு உள்ளே இருந்த எண்ணெயும் போய்விட்டது. மிதிக்கும்போதெல்லாம் எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி சத்தம். ஒன்பது நிமிடம்.

அடுத்த வைத்தியம்தான் மெழுகு. சட்டியிலிருந்து செயினை எடுத்து ஆறவிட்டதும் அது விறைத்துப்போய்க் கம்பி மாதிரி நின்றது. அதை மாட்டி மிதித்தால் பல்லுக்குப் பல் தாவியது. கோப்பியில் ஒரு வாரத்துக்குக் மெழுகுவத்தி வாசனை.

"பேசாம சைக்கிள் கடையில குடுங்களேன் லா" என்றாள் பிரமிளா.

"கடைக்காரனுக்கு என்ன தெரியும்? பெடல்கிட்ட இருக்கிற பல்சக்கரத்தைப் பெருசா மாத்தினா, ஒரு மிதிக்கு இன்னும் தூரம் போகும்."

போகும்தான், மிதிக்க முடிந்தால். முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. பத்தரை நிமிடம்.

போட்டிக்கு முந்தின நாள், சைக்கிளைக் கூடத்தில் தலைகீழாக நிறுத்தினார். பெடலில் அரிசி மூட்டையைக் கட்டினார். பின்சக்கரத்தில் கயிறு கட்டி, விமானத்துக்குப் பெட்டி நிறுக்கும் கைத்தராசை மாட்டி இழுத்தார். எழுதினார், கூட்டினார், மறுபடி இழுத்தார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நூறு உள்ள போனா தொண்ணூத்தேழு வெளிய வருது, பிரமி. உலகத்துல இருக்கிற நல்ல செயினே அவ்வளவுதான் குடுக்கும்."

"அப்ப சைக்கிள் நல்லாத்தானே இருக்கு?"

"அதான் பிரச்சினையே."

பிரமிளா அரிசி மூட்டையை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "உங்க காலு நல்லா இருக்கான்னு பாத்தீங்களா?"

"காலுக்கு என்ன? நாலு நிமிஷத்துல ஏறின கால் இது!"

அந்த நாலு நிமிஷக் கதையை அவளே எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

மறுநாள் காலை மேட்டுக்குக் கீழே எல்லாரும் கூடினார்கள். ஹஸ்ருல் விசில் அடித்தான். பாதி மேட்டுக்குள்ளேயே குணாளனைத் தாண்டி எல்லாரும் போய்விட்டார்கள். போன மாதம்தான் குழுவில் சேர்ந்த கணக்குப் பிரிவு சுபாஷினிகூடக் கையசைத்துவிட்டுப் போனாள். அந்த நேரம் பார்த்துச் செயின் கழன்று தொங்கியது. சாலையோரம் உட்கார்ந்து அதை மாட்டப் பார்த்தார், முழங்கை வரை கறுப்பானதுதான் மிச்சம். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மேலே போனவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மச்சான்" என்றான் லோகேஸ்வரன், மெதுவாக. "வேன் சாவி என்கிட்டதான் இருக்கு. இப்பவே வேணுமா, அப்புறமா?"

"குடு, ஓட்டுறேன். சட்டம் போட்டவன் நான்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சாகணும் லோகு. என் போனை எடுத்து நவமணி அக்காவுக்கு அடி. அவங்க வீட்டுக்காரரு இந்தச் செயினுக்கு ஏதோ ஒரு எண்ணெய் போட்டிருக்காரு. அது காஞ்சு போச்சு, அதான் இவ்வளவும்."

அவர் கை இருந்த லட்சணத்தில் போனைத் தொட முடியாது. லோகேஸ்வரன் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, நம்பரை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான். ரகசிய எண்ணெயின் பேரைத் தெரிந்துகொள்ள ஹஸ்ருலும் குனிந்தான்.

"அக்கா, சைக்கிள் வாங்கின குணாளன் பேசறேன். முதல் நாள் பறந்துச்சுக்கா, இப்ப மேடே ஏற மாட்டேங்குது. அண்ணன் இதுக்கு என்னதான் போடுவாரு?"

"தம்பியா! நல்லவேளை கூப்பிட்டீங்க, உங்க நம்பரைத் தொலைச்சிட்டுத் தவிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் நவமணி. "அன்னிக்கு நீங்க பேசின பேச்சுல சைக்கிளோட சார்ஜரைக் குடுக்க மறந்தே போயிட்டேன், மூணு வாரமாச்சே, பேட்டரி இன்னுமா தாங்குது?"