நான் மணியடித்த ஒரே பேச்சு

பெண்களுக்காகப் பாடுபடுகிறேன் என்று சொல்லும் ஆண்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆண்களில் நானும் ஒருவன்.

எட்டு வருடங்களுக்கு முன் நோர்வேயில், ஒஸ்லோவின் புருசெத்தில் எங்கள் பகுதி மகளிர் சங்கம் பெண்கள் தினம் கொண்டாடியது. என் மனைவி ராணிதான் செயலாளர். "எங்கடை கதையை எங்களுக்கே சொல்லி என்ன பிரயோசனம்? ஆம்பிளையளும் வந்து இருந்து கேக்கட்டும்" என்று தலைவி பத்மா அக்கா முடிவெடுத்தார். ஆண்களுக்கு வேலையும் பிரித்துக் கொடுத்தார்கள். சிலருக்குக் கதிரை அடுக்குவது, சிலருக்குத் தேத்தண்ணி ஊற்றுவது. எனக்கு நேரம் பார்க்கும் வேலை. பேசுகிறவருக்கு ஐந்து நிமிடம் முடிந்ததும் மணியடிக்க வேண்டும். (எங்கள் வீட்டுச் சாமியறை மணி. அதற்குப் பிறகு சாமி எனக்கு ஒரு வரமும் தரவில்லை.) நான் அதற்காகக் கோட்டுப் போட்டு டையும் கட்டிக்கொண்டு போனேன்.

கடைசியாகப் பேச இருந்தது ராணி. இருபத்தைந்து வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் அதுவரை ஒரு மைக்கைத் தொட்டதில்லை. மூன்று கிழமையாக அந்தப் பேச்சை எழுதினாள். காலையில் வேலைக்குப் போகும் ரயிலில் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். வீட்டில், அடுப்புக்கு மேலே இருக்கும் காற்றாடியை முழு வேகத்தில் போட்டுவிட்டுச் சொல்லிப் பார்ப்பாள். குசினிக் கதவடியில் நின்றால் 'பனி' என்றும் 'அண்டைக்கு' என்றும் உதிரியாக ஏதாவது காதில் விழும்.

"எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுமன்" என்றேன்.

"அங்கை வந்து கேளுங்கோ. எல்லாருக்கும் சொல்லேக்கை உங்களுக்கும் சொல்லுறன்."

சரி, கேட்கத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

மண்டபம் ஐந்து மணி வரைதான் எங்களுக்கு. அதற்குப் பிறகு ஒரு நோர்வேக்காரக் குழந்தையின் பிறந்தநாள். கூட்டம் தொடங்கப் போகிற நேரம், முன்வரிசையில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பள்ளி மாஸ்டர் வந்து இருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அக்கா, மாஸ்டர் முன்னுக்கு இருக்கிறார். ரெண்டு வார்த்தை கதைக்க விடாமல் தொடங்கினால் மரியாதையில்லை."

பத்மா அக்கா பார்த்த பார்வையிலேயே நான் அடங்கியிருக்க வேண்டும். "சரி, ரெண்டு நிமிசம். மணி உங்கடை கையிலைதானே இருக்கு" என்றார்.

மாஸ்டர் சங்க காலத்திலிருந்து தொடங்கினார். இருபதாவது நிமிடத்திலும் சோழர்களிடம் வந்து சேரவில்லை. மணியைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். மணியை வைத்துவிட்டேன். (என் மகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு எப்படி அடிப்பது?)

மாஸ்டரைக் கூப்பிட்டுவிட்டு விளையாட்டுக் கழகத் தலைவரை விட்டால் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவரையும் கூப்பிட்டேன். அவர் பெண்ணைத் தாய் என்றார், தெய்வம் என்றார், பிறகு எப்படியோ உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டார். சென்னையிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரும் இருந்தார். அவரை விட்டால் இந்தியத் தமிழரைப் பிரித்துவிட்டோம் என்று கதை வரும். அவர், "லேடீஸ் எல்லாருக்கும் ஒரு பெரிய கைத்தட்டல் குடுங்க சார்" என்றார். ஆண்கள் நாங்கள் பலமாகத் தட்டினோம். பிறகு எல்லோரும் என்னையும் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். (ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. நானே எழும்பினேன்.) சமத்துவம் பற்றி நான் எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. நேரம் பார்க்கிற ஆள் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்துப் பேசிய பெண்கள் தாங்களாகவே கடிகாரத்தைப் பார்த்து அவசரமாக முடித்தார்கள். ராணி மேடைக்கு வந்தபோது ஐந்தாகிவிட்டது. வாசலில் பலூன்களோடு பிள்ளைகள். அவர்களுக்குப் பக்கத்தில் மண்டபப் பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

ராணி கடதாசியை விரித்தாள். குரல் தெளிவாக வந்தது.

"நான் ஒஸ்லோவுக்கு வந்த முதல் பனிக்காலத்திலை, ஒரு நாள்..."

அடித்தேன். அதுவும் இரண்டு தரம். சொந்த மனைவிக்குச் சலுகை காட்டினேன் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக் கூடாதாம்!

ராணி என்னைப் பார்க்கவில்லை. கடதாசியை மடித்தாள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பிள்ளைகள் பலூன்களோடு உள்ளே ஓடி வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கௌரி பிடித்துக்கொண்டாள். "அப்பா, இதுதானோ உங்கடை லிக்கஸ்டில்லிங்?" (ஆண் பெண் சமத்துவத்துக்கு நோர்வேஜிய மொழியில் உள்ள சொல். நான் அன்று என் பேச்சில் பதினைந்து தரமாவது சொல்லியிருப்பேன்.) ராணி தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"மாஸ்டருக்கு மணியடிக்கப் பயம். எனக்கு அடிக்கப் பயமில்லை. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். வெட்கத்தோடு என் தேத்தண்ணிக் கோப்பையை நானே கழுவி வைத்தேன்.

அடுத்த வருடத்திலிருந்து சங்கத்தில் நான் பாத்திரம் கழுவுகிறேன். யாரும் தண்டனையாகத் தரவில்லை, நானே கேட்டு வாங்கினேன். ராணி இப்போது நன்றாகப் பேசுகிறாள். ஒஸ்லோவின் இன்னொரு பகுதியான அம்மருட்டில் போய் நோர்வேஜிய மொழியிலும் பேசினாள். மண்டபத்துக் குசினிக் கதவை அரைவாசி திறந்து வைத்துக் கேட்பேன். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் அவள் பிறகு பேசவேயில்லை. வீட்டில் யார் யாரை இடைமறித்தாலும் "அப்பா மணியடிச்சிட்டார்" என்பார்கள். கௌரி தன் வருங்கால மாப்பிள்ளைக்கு என்னை அறிமுகப்படுத்தியதே இந்தக் கதையைச் சொல்லித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரித்துவிட்டு யோசிப்பேன். அந்த முதல் பனிக்காலத்தில் நானும் இங்கேதான் இருந்தேன், அதே ஓர் அறை வீட்டில். பகலில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று வேலை. வந்தால் நித்திரை. அவள் சொன்ன அந்த 'ஒரு நாள்' எந்த நாள்? வழுக்கி விழுந்தாளோ? வழி தவறி நின்றாளோ? ஏதாவது நல்லது நடந்து, என்னிடம் சொல்ல ஓடி வந்து, நான் தூங்குகிறேன் என்று விட்டுவிட்டாளோ? அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஏக்கம்.

போன மாதம் கேட்டே விட்டேன். "இஞ்சேரும், அண்டைக்கு மேடையிலை 'ஒரு நாள்' எண்டு தொடங்கினனீரெல்லே? அந்த நாள் என்ன நடந்தது?"

ராணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தாள்.

"எந்த நாளப்பா? கடதாசியும் எங்கையோ போயிட்டுது. எனக்கு இப்ப ஞாபகமில்லை."

கோபத்தில் சொல்லவில்லை. கோபமென்றால் காலில் விழுந்தாவது கேட்டிருப்பேன். உண்மையாகவே மறந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் அவள் வாயைத் திறந்தால் டிவியை நிறுத்திவிட்டு எதிரில் போய் இருக்கிறேன். நேற்றும் அப்படிப் போய் இருந்தேன்.

"நாளைக்கு ஸ்ட்ரோம்மன் கடைக்குப் போறதெண்டால் வெங்காயம் வாங்கி வாங்கோ. சின்னன் வேண்டாம்" என்றாள்.

வேறு ஏதாவது சொல்வாளோ என்று இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன்.