கெட்டிமேளத்துக்கு ஒரு பொம்மைப் பியானோ

சங்கீதம் வராதவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், வராது என்று ஒத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். இன்னொன்று புது சங்கீதம் கண்டுபிடிக்கும். இருபது வயதில் நான் இரண்டாவது ரகம்.

கூத்தாநல்லூரில் பக்கத்து வீட்டுச் சிறுமி பாத்திமாவுக்கு அவள் அத்தா சிங்கப்பூரிலிருந்து ஒரு பொம்மைப் பியானோ கொண்டுவந்திருந்தார். வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான் பேசும். கறுப்பெல்லாம் வெறும் பெயின்ட். தட்டினால் எவர்சில்வர் டம்ளரில் கரண்டி பட்ட மாதிரி சத்தம். அதில் சொக்கிப்போனேன் (இன்றைக்கும்தான்). "நாளைக்குத் தரேன்" என்று அதை வாங்கி வந்தேன். தெருப்பிள்ளைகளின் தகரத் தவளை, தண்ணீர் ஊற்றி ஊதும் குருவி, கிலுகிலுப்பை எல்லாம் அதே வாக்குறுதியில் வந்து சேர்ந்தன. இரண்டு நண்பர்களோடு மாட்டுக்கொட்டகையில் சாதகம். மாடு பாலைக் குறைத்துவிட்டதாக அம்மா சொன்னது அபாண்டம்.

அந்தத் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திராவிடக் கட்சிக்காரர், ஐயர் வேண்டாம் என்றுவிட்டார். (அப்படிச் செய்யும் கல்யாணம் சட்டப்படி செல்லும் என்று அப்போதுதான் ஆகியிருந்தது.) அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ காதில் விழாதபடி கெட்டிமேளம் முழங்க வேண்டும்.

அன்று காலை, அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு ஆட்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். (கேட்டது நியாயம்தான், எங்கள் குத்தகை நிலத்தில் அறுத்தவர்களும் அங்கே இருந்தார்கள்.) மேளக்காரர்கள் வந்த பஸ் வழியில் மாட்டிக்கொண்டது.

"மேளம் இல்லாம எப்படிங்க?" என்று அம்மா அப்பாவிடம் அழுதாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கும் வேறு வழி இல்லை.

மேடையோரம் நண்பர்களோடு சம்மணமிட்டு என் சொந்த உருப்படியைத் தொடங்கினேன். "ஐஸ் வண்டி வந்திருக்கா?" என்று பந்தலில் யாரோ கேட்டார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் கல்யாணத்துக்குத் தெருப்பிள்ளைகளும் வருவார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"அண்ணே, அது என்னோடது" என்றாள் பாத்திமா.

"இரும்மா, தாலி கட்டட்டும்."

"நாளைக்கு நாளைக்குன்னு தீபாவளியும் போச்சு, பெருநாளும் போச்சு."

பியானோவை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். அதற்குள் கட்சிப் பேச்சாளர் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டார். நண்பர்களுக்குச் சைகை காட்டக் கையைத் தூக்கினேன். தூக்கியதுதான் தாமதம், அவள் இழுக்க, பியானோவின் கால் முறிந்தது. பாத்திமா வீறிட்டு அழுதாள். மற்றப் பிள்ளைகளும் தங்கள் பொம்மைகள் மேல் பாய்ந்தன. கிடைக்காததுகள் சேர்ந்து அழுதன. அந்த ஓலத்தில் மிரண்டுபோன மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டு முடித்தார்.

அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கும் அழுகை வந்தது. அக்காதான் குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள்.

"விடும்மா. இந்தச் சத்தத்துல எந்தத் தும்மல் கேட்டிருக்கப் போவுது?"

பியானோவுக்கு ஆசாரியிடம் புதுக் கால் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து அதன் சத்தம் வரும்போதெல்லாம் ஏக்கமாக இருக்கும்.

அக்கா ஓகோவென்று வாழ்ந்தாள். சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். அசல் நாயனம், அசல் தவில். நான் தாலியைக் கையில் எடுத்ததும், பக்கத்தில் நின்ற அக்கா தன் இடுப்பிலிருந்த குழந்தையை நறுக்கென்று கிள்ளினாள்.

"அழட்டும்டா, நமக்கு அதான் ராசி" என்றாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் முகூர்த்தம் நெருங்கினால், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் அக்காவை விட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொள்கிறார்கள்.