ஏற்றுமதித் தரத்தில் ஒரு நாவல்

மனைவிக்குத் தெரியாமல் அவளுக்கு நல்லது செய்யக் கிளம்பும் கணவனை யாராலும் காப்பாற்ற முடியாது.

நான் படித்தது பத்தாவது வரை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைப்பவன். என் மனைவி வசந்தி அப்போது பின்நவீனத்துவ நாவல்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். சாப்பிடும்போது எனக்கு விளக்குவாள். நானும் தலையாட்டுவேன். (சாம்பாருக்கும் அதே தலையாட்டல்தான்.)

வாய்மொழித் தேர்வு நெருங்கியதும் வேண்டிக்கொள்ள சோளிங்கர் மலைக்குப் போனாள். மேசையில் ஓர் அட்டைப்பெட்டி. அவளுடைய கைடு இரவல் கொடுத்த வெளிநாட்டு நாவல். திறந்தால் தனித்தனிக் கத்தைகள். அட்டை இல்லை, தையல் இல்லை. பெரிய மனிதரின் புத்தகம் இப்படிப் பிய்ந்து கிடக்கிறதே! நண்பன் ரஃபீக் வீட்டுத் தையல் மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“இன்னா தோஸ்த், பக்க நம்பரே இல்ல?” என்றான்.

“அவசரத்துல வுட்டுட்டான் போல, பாய்.”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக் கல்யாணத்தை முன்னால் போட்டேன், சாவைக் கடைசியில். ரஃபீக் ஷூ நூலில் இரட்டைத் தையல் போட்டு, ஆட்டுத்தோலில் அட்டையும் கட்டினான்.

வசந்தி வந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இது பிஞ்சது இல்லீங்க! எழுதினவரே பிரிச்சுத்தான் வெச்சாரு. இஷ்டத்துக்குக் கலைச்சுப் படிக்கணும். என் ஆராய்ச்சியே அதான்!”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே...”

“நாலு வருஷமா வேற இன்னா சொல்லினு இருந்தேன்?”

மறுநாள் சத்துவாச்சாரியில் கைடு வீட்டுக்கு என்னையும் இழுத்துப் போனாள். அவர் கோபித்துக்கொண்டால் பட்டம் போச்சு. புத்தகத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

“பிரிக்க முடியுமா?”

“முடியாது சார். எக்ஸ்போர்ட் தையல்.” (அங்கே நான் பேசியது அவ்வளவுதான். அதிலும் கொஞ்சம் பெருமை.)

வசந்தி என் காலை மிதித்தாள். அவர் நிதானமாகப் புரட்டினார்.

“வரிசை யாரோடது?”

அவள் என்னைக் காட்டினாள்.

“கலைஞ்ச கதையைக் கொடுத்தா வாசகன் தானே ஒரு வரிசை கட்டிக்குவான்னு எழுதியிருக்கியேம்மா. இதோ கட்டிட்டு வந்து நிக்கிறாரு. தேர்வுக்கு இதையே எடுத்துட்டு வா” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா, புத்தகத்துக்காக அழுதாரா, தெரியாது.

பட்டம் கிடைத்தது. வசந்தி இப்போது வேலூரில் பேராசிரியை. ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இந்தக் கதை உண்டு. வீட்டுக்கு வரும் மாணவர்கள், “சார்தான் அந்த வாசகரா, மேடம்?” என்று கேட்பதற்குள் நான் சமையலறைக்குள் நழுவிவிடுவேன்.

என் மகளிடமிருந்துதான் தப்ப முடியவில்லை. வீட்டில் துணியோ பேப்பரோ கலைந்து கிடந்தால் போதும், குரல் வரும்: “அம்மா, சீக்கிரம் எடுத்து வை. அப்பா பார்த்தா தெச்சிடுவாரு!”