தமிழ்ப் படிவம்

பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மூன்று மணியோடு வேட்புமனு வாங்குவது முடிந்துவிடும்.

கேரள எல்லையில் அந்தப் பஞ்சாயத்து அலுவலக வராந்தாவில் விஜயதாஸ் ஒரு தமிழ்ப் படிவத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எல்லைச் சமத்துவக் கட்சித் தலைவர். ஐந்தாம் வார்டு வேட்பாளர். தமிழருக்கும் சம உரிமை வேண்டும் என்று கட்சி ஆறு வருடம் போராடி வாங்கிய படிவம் அது.

அவருக்குத் தமிழ் எழுத வராது. படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் வாத்தியார் வேண்டும் என்பது கட்சியின் இரண்டாவது கோரிக்கை.

"எலே தாணு, நீ எழுது."

"நானும் அதே பள்ளிக்கூடம்தானே அண்ணே," என்றார் செயலாளர் தாணு. "மலையாளத்தில குடுப்போம். யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்லே."

மனைவி ஜெஸிக்கு போன் போட்டார்.

"எனக்கும் எழுத வராது. ஆனா இந்த போன்ல பேசினா அதுவே தமிழில எழுதும். அனுப்புதேன், பாத்து எழுதுங்க."

செய்தி வந்தது. தாணு ஒவ்வொரு எழுத்தையும் படம்போல் பார்த்து வரைந்தார். இரண்டு நாற்பது ஆயிற்று. விஜயதாஸ் வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அப்பா பேரு... ஞானதாஸ்... எழுதியாச்சா... மீன்கறி... தீயுது... வைக்கேன்."

"அவிய சொன்னதில ஒண்ணும் விடல்ல அண்ணே."

மிச்சம் இருந்தது ஒரே படிவம்.

பக்கத்து பெஞ்சில் ரசீதுக்குக் காத்திருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

"கொண்டாங்க. எனக்கு அம்மை வீடு களியக்காவிளை. தமிழ்ப் பள்ளிக்கூடமாக்கும்."

விறுவிறுவென்று எழுதினாள். வார்டு எண்ணில் பேனா நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு மீதியையும் எழுதி முடித்தாள். விஜயதாஸும், முன்மொழிபவர் தாணுவும் கையெழுத்திட்டார்கள். மலையாளத்தில்.

"உங்க பேரு?"

"விலாசினி."

"ஓட்டு நமக்குப் போடணும், கேட்டியளா? பெரிய கட்சிக்கு இன்னும் ஆளே கிடைக்கல்ல."

"பாப்போம் அண்ணே."

இரண்டு ஐம்பத்தெட்டு. கிளார்க் அனூஜ் படிவத்தைப் புரட்டினான். மேசையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி இரண்டையும் பார்த்தான்.

"சாறே, அஞ்சாம் வார்டுக்கு இது ரெண்டாவது தமிழ் மனுவாக்கும். பெரிய கட்சிக்கு விலாசினி சேச்சி ஒரு மணிக்கே தந்தாச்சு. ரெண்டும் ஒரே ஆளு எழுதினதுபோல இருக்கே?"